பல் சுடும் அடுப்பு

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் லாரி ஏறினால்
கீழே என் கடையில்
சாய்த்து வைத்த கண்ணாடிகள் ஒருமுறை முனகும்.
மண்ணெண்ணெயில் சக்கரத்தைத் தொட்டு
ஒரே இழுப்பு, பிறகு ஒரு தட்டு.
இருபது வருடத்தில் கோட்டைத் தாண்டி வெட்டுப்பட்டது
என் விரல் மட்டும்தான்.

இன்று காலை வந்த அளவுகள்:
பேக்கரி அலமாரிக்கு இரண்டடி,
மீன்தொட்டிக்கு ஒரு பக்கச் சுவர்,
ஈரம் ஏறிய கல்யாணப் படத்துக்குப்
பன்னிரண்டுக்குப் பதினெட்டு.
மிச்சச் சில்லெல்லாம் சாக்கில்.
மதில் கட்டுகிறவர் யாராவது வாங்கிப் போவார்.
திருடனின் உள்ளங்காலுக்கும்
அளவெடுக்காமல் வெட்டிக் கொடுக்கிறேன்.

மத்தியானம் எடல்குயின் வந்தாள்.
மூன்று கடை தள்ளி மாடியில்
பீங்கான் பல் செய்கிறவள்.
கைக்குட்டையை அவிழ்த்தாள்.
சப்பித் துப்பிய மிட்டாய்போல் ஒன்று,
பச்சையாய், உள்ளே குமிழிகளோடு.
"இதை வட்டமா வெட்ட ஒக்குமா அண்ணே?"

கண்ணாடியாம்.
முட்டம் கரையின் வெள்ளை மணல்,
மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணல் நகக்கண் அளவு,
மட்டி வாழைத்தடை எரித்த சாம்பல்,
உமிச்சாம்பல், சுட்ட சிப்பி,
அப்புறம் இருமல் மருந்துக் குப்பி ஒன்று, பொடித்து.
"குப்பி சேர்த்த பிறகுதான் உருகிச்சு.
கண்ணாடிக்குக் கண்ணாடிதான் வழி சொல்லணும் போல."
முதலாளி பூட்டிப் போன ராத்திரிகளில்
பல் சுடும் அடுப்பில் ஆறு தடவை.
ஐந்து தடவை வெறும் கட்டி.

"பல்லும் ஒரு கண்ணாடிதானே அண்ணே,
வெளிச்சம் கொஞ்சம் உள்ள போகும்."
எனக்கு அது தெரியாது.
நாக்கால் முன்பல்லைத் தொட்டுப் பார்த்தேன்.

பம்மத்தில் வாடகை வீடு.
வாசல் கதவில் பார்வைக்கண் வைக்கத் துளைத்தவன்
துளையோடு நிறுத்திவிட்டான்.
போகிற வருகிற கண்ணெல்லாம்
அதில் ஒட்டிப் பார்க்கிறது.
துணி அடைத்தால் நடை இருட்டு.
"வெளிச்சம் வரணும். கண்ணு வரக் கூடாது."

சக்கரம் அதன்மேல் வழுக்கியது.
கோடு விழுந்த இடத்தில் உடையவில்லை,
உடைந்த இடத்தில் கோடில்லை.
கடைசியில் சாணைக்கல், தண்ணீர்,
ஒரு மணி நேரம்.
பேக்கரிக்காரர் இரண்டு முறை போன் செய்தார்.

ஞாயிறு பூசை முடிந்து போய்ப் பொருத்தினேன்.
கதவைச் சாத்தி அவள் உள்ளே,
நான் வெளியே.
"அண்ணே, நீங்க ஒரு பச்சைக் கலங்கல்!"
சிட்பண்ட் பையனும் கன்னியாஸ்திரியும்
இனி ஒரே நிறத்தில்தான் நிற்பார்கள் அங்கே.
யாரென்று அறியக்
கதவைத் திறந்தே ஆகவேண்டும்.

திங்கட்கிழமை அந்த அடுப்பில் வெந்த பல்லில்
பச்சை ஏறியிருந்தது.
காட்டாத்துறைக்காரர் ஒருவரின் மேல்வரிசை, முன்னது.
முதலாளி மோந்து பார்த்தார், சாம்பலைக் கண்டுபிடித்தார்,
சம்பளத்தில் ஆயிரத்து இருநூறு பிடித்தார்.
"சாரமில்ல," என்றாள்,
வேறு பல் சுட்டாள்.

பச்சைப் பல்லை என் கூலியாகத் தந்தாள்.
மேசை ஓரத்தில் இருக்கிறது.
லாரி ஏறும்போது
மற்றவை முனகும்.
அது ஒரு நூல் நகரும்.
சாயங்காலம் கடை அடைக்குமுன்
எடுத்துப் பழைய இடத்தில் வைக்கிறேன்.