பதினேழு புள்ளி

எங்களுக்கு நாற்பத்தொன்று.
அவர்களுக்கு இருபத்து நான்கு.
கழித்துப் பார்த்தவன் நான்தான்.
ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில்
விடிந்ததிலிருந்து கழிப்பதே என் பிழைப்பு:
கமிஷன், சுமைக்கூலி, அழுகல்.

பதினெட்டு ஆட்டம்.
பர்கூரில் கண்ணுக்குள் செம்மண்.
தேன்கனிக்கோட்டையில் பனி மூடி
எதிர் கோல் எங்கே என்று தெரியாத காலை.
ஊத்தங்கரையில்
கம்பத்தில் கட்டியிருந்த எருமையை அவிழ்க்க
ஆள் தேடியதில் அரைமணி நேரம்.
பதின்மூன்று வென்றோம், இரண்டு சமன்.
எங்களைவிட இரண்டே புள்ளி கூட எடுத்த
சூளகிரி நேராக மேலே போய்விட்டது.
மிச்சமிருந்த ஒரு நாற்காலிக்கு
இரண்டாமிடம் முதல் ஐந்தாமிடம் வரை
நாலு பேர்.

கிருஷ்ணகிரி மைதானம்,
கோட்டைமலைப் பக்கம் வெயில் இறங்குகிற நேரம்.
எண்பத்தெட்டாம் நிமிஷம், கார்னர்.
எல்லேஷின் முழங்காலில் பட்டு
(வருஷம் முழுக்க ஒரு பந்தைக்கூடத்
தப்பாகத் தொடாத எல்லேஷ்)
எங்கள் வலைக்குள்ளேயே.
திம்மராயன் எழுந்திருக்கவில்லை.
உட்கார்ந்தபடி கையுறைப் பட்டையைப்
பிரித்தான், ஒட்டினான்,
பிரித்தான்.

வேனில் முனிராஜ் கத்தினான்:
"அப்போ அந்தப் பதினெட்டு ஆட்டம் எதுக்குடா?
நேரா இதையே வச்சிருக்கலாமில்ல?"
யாரும் வாய் திறக்கவில்லை.
நான் திறந்திருக்க வேண்டும்.

போன ஜூலை, சங்கக் கூட்டம்.
அந்த வருஷம் ஐந்தாமிடம் நாங்கள்.
கடைசி ஆறு வாரம்
ஏறவும் வழியில்லை, இறங்கவும் பயமில்லை.
ஆட்டம் இருக்கிறது வாங்கடா என்றால்
பையன்கள் கல்யாணப் பந்தி பரிமாறப் போனார்கள்.
பார்க்க வந்தது
டீக்கடைக்காரரும் நடுவரின் மச்சானும்.
"ஐந்தாமிடம் வரைக்கும் ஒரு வாய்ப்பு வேணும்,
இல்லேன்னா டீமே கலைஞ்சிடும்"
என்று எழுதி எடுத்துப்போய் வாசித்தவன் நான்.
முதலில் உயர்ந்ததும் இந்தக் கைதான்.
எதிர்த்தது ஊத்தங்கரை அமானுல்லா மட்டும்:
"மார்க் வாங்கினவனை நிறுத்திவச்சு
மறுபடி பரீட்சை வைப்பீங்களா?"

நேற்று அதே அமானுல்லா
அவர்கள் பையன்களை விட்டுவிட்டு
மைதானத்தைக் கடந்து வந்து கை கொடுத்தார்.
அதைச் சொல்லிக் காட்டவில்லை.
சொல்லியிருக்கலாம்.

அவர்கள் ஆட்கள் ஆறு பேர்
பொங்கல் வரை பெங்களூரில் சென்ட்ரிங் வேலை.
அதுவரை பத்தில் ஒன்று ஜெயித்த அணி
அவர்கள் திரும்பியபின் எட்டில் ஆறு.
டிசம்பரில் நாங்கள் நாலு கோல் போட்டது
யாருக்கு?
சட்டை மட்டும் இதே மஞ்சள்.

மூன்று மாசம் தண்ணீர் கட்டி
மருந்தடித்துக் குச்சி நட்டுக் கயிறு கட்டியவனுக்கு
ஒரு காலை ஐந்தரை மணி விலைதான்
வருஷத்துக் கணக்கு.
முந்தாநாள் இருநூறு, இன்றைக்கு நாற்பது.
அவன் என் முகத்தைப் பார்ப்பான்.
பெட்டிக்கு நாற்பது என்று எழுதி
அடுத்தது யாருங்க என்பேன்.
அதை அநியாயம் என்று
ஒரு சீட்டிலும் நான் எழுதியதில்லை.

ஆனாலும் பதினேழு புள்ளி.
தூக்கத்திலும் கழிபடாமல் நிற்கிறது.

விதியை மாற்றக் கேட்டு
இந்த ஜூலைக்கு மனு எழுதித் தரச் சொல்கிறான் முனிராஜ்.
மண்டி லெட்டர்பேடில் உட்கார்ந்தேன்.
"இரண்டாமிடம் பெறும் அணிக்கு"
என்பது வரை வந்தது.
வரும் வருஷம் எத்தனையாவதாக வருவோம் என்று தெரியாமல்
மேலே ஒரு வார்த்தை ஓடவில்லை.
தெரிந்துகொண்டு எழுதியதுதான்
போன வருஷத்து விதி.

வெளியே பாலக்கோட்டு வண்டி ஹாரன் அடிக்கிறது.
பெட்டி எண்ணணும்.