வேகம் காணாது

மல்லாவியில், தவரூபன்ர ஹாட்வெயார் கடைக்குப் பின்னால்
சீமெந்து மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு
சுண்ணாம்பு அடித்த சுவரில் படம் போட்டோம்.
புறொஜெக்டர் கமநல நிலையத்தினுடையது.
காலை எட்டுக்குமுன் திருப்பிக் கொடுக்கவேணும்.
ஏழு பேர், ஒரு சீப்பு வாழைப்பழம், நுளம்புத்திரி.

சுவரில் அது வந்தது.
கறுப்புப் பெட்டி, சாம்பல்நிற ரப்பர் விசைகள்,
ஓரத்தில் சரிந்த வானவில் கீறு.
"ஐயோ, இவர்!" என்றாள் குணாளினி,
சந்தையில் பழைய கடன்காரனைக் கண்டவள் மாதிரி.

வெள்ளைக்காரர் ஒருவர் கண்கலங்கிச் சொன்னார்:
ஓர் அறை, ஒரு சிறுவன், ஒரு கொம்பியூட்டர்,
அந்தத் தனிமையில்தான் நாங்கள் வளர்ந்தோம்.

தனிமை!
சிரித்த சிரிப்பில் படத்தை நிற்பாட்டவேண்டி வந்தது.

எங்கட பெட்டிக்குப் பதினொரு பேர் வேணும்.
ரீவிக்கு லான்ட்மாஸ்ரர் பற்றரி.
அதைக் கழற்றித்தர மனம்வைக்கிற ஒரு சொந்தக்காரர்.
அவர் விடிய வயலுக்கு இறங்கமுன்
திரும்பக் கொண்டுபோய்ப் பூட்ட ரெண்டு பேர்.
ரேப் றெக்கோடருக்குப் போட
ரோச் பற்றரியே வராத காலம்.
ஸ்ராண்டில் ஏற்றின சைக்கிள், பின்சில்லில் றைனமோ,
மிதிக்கப் பகீரதன்.

ஐந்து நிமிடம் ஒரே சீராய் மிதிக்கவேணும்.
கால் தளர்ந்தால் கீச்சொலி தளரும்,
கீச்சொலி தளர்ந்தால் திரையில் ஒரு வரி, பிழை என்று,
பிறகு முதலிலிருந்து.
அந்தப் பெயரை வைத்த தாய்தகப்பனுக்கு
என்ன தெரிந்திருந்ததோ.

பாதிப் படத்தில் நல்ல குரலுள்ள ஒருவர்
தொண்ணூற்றிரண்டோடு இதன் கதை முடிந்தது என்றார்.
"பொய்!" தவரூபன் சுவரைப் பார்த்துக் கத்தினான்.
"தொண்ணூற்றெட்டு மாரியில
நான் காகம் கலைச்சனான்!"

உண்மை. நிமலகாந் எழுதின ஆட்டம்.
எங்கேயோ இருந்து வந்த விண்கலங்களை
ஒவ்வொரு புள்ளியாய் அழித்து
காகம் கீறினான்.
கீழே பாய், பாயில் மிளகாய்.
நூறு காகம் கலைத்தால் ஒரு சாக்கு.
இருநூறு கலைத்தால் மழை வரும்,
எல்லாம் நனையும், ஆட்டம் முடியும்.
ஏனடா இப்படி எழுதினாய் என்றால்
"வேற எப்பிடி?" என்பான்.

அவன் படம் பார்க்க வரவில்லை.
வர ஏலாது.
றெஜினோல்ட் எல்லாருக்கும் வாழைப்பழம் உரித்துக் கொடுத்தான்,
உரிக்கத் தெரியாதவர்களுக்குக் கொடுப்பதுபோல.

பிறகு ஒரு காட்சியகம்.
வெள்ளைக் கையுறை போட்ட பெண்
பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோல் அதைத் தூக்கினாள்.
"எங்கடதையும் கையுறையோடதான் எடுத்தவை,"
என்றாள் குணாளினி.

இரண்டாயிரத்தெட்டில் யூரியாப் பையில் சுற்றி
கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போனவள்.
திரும்பி வந்தபோது வளவெங்கும் சிவப்புத் தடிகள்.
கண்ணிவெடி எடுக்கிற பெடியன், முகக்கவசத்தோடு
முழந்தாளில் இருந்து, தூரிகையால்,
முக்கால் மணித்தியாலம்.
மண்ணுக்குள்ளிருந்து முதலில் தெரிந்தது
ஒரு விசை.
படிவத்தில் எழுதினார்களாம்: வேறு உலோகம்.

வேலை செய்யுதோ என்று நாங்கள் கேட்டதில்லை.
அவளும் சொன்னதில்லை.

படம் முடிந்தது.
இசை கூடிப்போச்சு என்றாள் ஒருத்தி.
ஆக்கள் நல்லா அழுகினம் என்றான் றெஜினோல்ட்.
பொய்தான், ஆனால் இன்னொருக்காப் பார்க்கலாம் என்றான் தவரூபன்.
வயரைக் கழற்றக் கை வைத்தபோது
பெயர்கள் ஓடுகிற கறுப்பில்
அந்தச் சத்தம் வந்தது,
ரேப்பிலிருந்து பெட்டிக்குள் இறங்குகிற கீச்சொலி,
தகரத்தில் மழையும் பூச்சியும் சேர்ந்தமாதிரி.

ஒருவரும் கதைக்கவில்லை.

பின்வரிசையில் பிளாஸ்ரிக் கதிரை கிரீச்சிட்டது.
முழுப்படமும் நித்திரையாய் இருந்த பகீரதன்,
கண் இன்னும் மூடியபடி,
சாரத்துக்குள் இரண்டு முழங்காலும்
மாறி மாறி, மாறி மாறி.

பிறகு நிறுத்தினான்.
"சரிவராது," என்றான்,
"மிதிக்கிறவனுக்கு வேகம் காணாது."