கதவு ரப்பர்

வீட்டுக்கு வருகிறவர்கள்
தண்ணீர் கேட்டுவிட்டு
அவர்களே போய்த் திறந்துவிடுவார்கள்.
ஜில்லென்று எதுவும் வராது.
பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடிக்கும்.
அப்புறம் என்னைப் பார்ப்பார்கள்.

ஆமாம், புத்தகம்தான்.
நூற்று நாற்பத்தொன்று. எல்லாமே சமையல்.
பழையபேட்டை வீட்டில் பரணில் வைத்திருந்தேன்.
கரையான், பொங்கல் வகைகளை முடித்துவிட்டு
குழம்புக்கு வந்தபோதுதான் பார்த்தேன்.
கம்ப்ரசர் செத்த அன்று
பிரிட்ஜை எடைக்குப் போட ஆள் தேடிய மாதேஷிடம்
கதவு ரப்பரைக் காட்டினேன்.
எறும்பு நுழையாது, ஈரம் நுழையாது,
இதைவிட நல்ல அலமாரி
கிருஷ்ணகிரியில் எந்தக் கடையில் இருக்கிறது, சொல்.

முட்டைக் குழிகளில்
குக்கர் கம்பெனிக்காரன் கொடுத்த குட்டிப் புத்தகங்கள், சுருட்டி.
ப்ரீசரில் ஐஸ்கிரீமும் புட்டிங்கும்.
அது வேண்டுமென்றே.
காய்கறித் தட்டில் வார இதழ் இணைப்புகள்:
முப்பது வகை வடை, முப்பது வகை துவையல்,
எதற்கும் முப்பதுதான்.
முப்பத்தோராவதை யாரோ ஒருத்தி
சொல்லாமல் வைத்துக்கொண்டாள் போல.
நடுத்தட்டில் கெட்டி அட்டைக்காரர்கள்.
அதில் ஒன்று உருது. எனக்குத் தெரியாத எழுத்து.
மாடிவீட்டு ரிஹானா வாசிக்க வாசிக்க
ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன்.
தம் போடும் இடம் வந்ததும்
புத்தகத்தை மூடிவிட்டு
கையால் சொன்னாள்.

இதையெல்லாம் சமைப்பாயா என்கிறார்கள்.
மாம்பழக்கூழ் ஆலையில் பத்து மணிநேரம்
நின்று வந்தவள் எதைச் சமைப்பாள்?
களி, கீரைக் கடைசல்.
சில நாள் அந்தக் கீரையும் நேற்றையது.
படுக்கும்முன் நாலு பக்கம் வாசிப்பேன்.
'ஓவனை முன்பே சூடாக்கிக்கொள்ளுங்கள்.'
சரி, ஆக்கிவிட்டேன்.
'ஆலிவ் எண்ணெய் இரண்டு கரண்டி விடுங்கள்.'
விட்டாயிற்று.
வேறு யாரும் என்னிடம்
இவ்வளவு மரியாதையாக வேலை வாங்கியதில்லை.
உப்பு வரும்போதுதான் எல்லாரும் நழுவுவார்கள்.
தேவையான அளவு.
யாருடைய தேவை என்று ஒருத்தரும் எழுதுவதில்லை.

ஒருத்தி எழுதியிருந்தாள்.
ரவுண்டானா பக்கம் பழைய பேப்பர்க் கடையில்
எடைக்கு வந்த புத்தகம், முன்னட்டை இல்லை.
ஓரங்களில் நீல மை:
'உப்பு பாதி. அவருக்கு பிரஷர்.'
ஆறு பேருக்கு என்று அச்சில் இருந்ததை அடித்து, நாலு.
'பாபு ஹாஸ்டலில் இருந்து வந்தால் மட்டும்.'
பிறகு நாலும் அடிபட்டு இரண்டு.
எண்பதாம் பக்கத்துக்கு மேல்
உப்பைப் பற்றி ஒன்றும் இல்லை.
ரவா உப்புமாவில் மை மாறியிருந்தது:
'ஒரு ஆளுக்கு எவ்வளவு ரவை?'

அவ்வளவுதான். அப்புறம் வெறும் புத்தகம்.

சித்திரை வெயிலில் மாதேஷ் பொறுமை இழந்து
மெக்கானிக் சின்னராஜைக் கூட்டிவந்தான்.
ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றி
சந்தை சந்தையாக இறக்கிவிட்டு வருகிறவனுக்கு
ஒரு சொம்பு ஜில் தண்ணீர் கேட்க உரிமை இல்லையா?
இருக்கிறது.
சின்னராஜ் பின்பக்கம் குனிந்து எதையோ தட்டினான்,
மூவாயிரத்து இருநூறு ஆகும் என்றான்,
ஒயரைச் சோதிக்க பிளக்கைச் சொருகினான்.
குளிர் வரவில்லை.
விளக்கு எரிந்தது.

நாலு வருஷமாக நான் தடவித் தடவி எடுத்தவர்கள்
தட்டுத் தட்டாக உட்கார்ந்திருந்தார்கள்,
முதுகில் பெயரோடு.
மாதேஷ் என் முகத்தைப் பார்த்தான், புத்தகங்களைப் பார்த்தான்.
"மண்பானை வாங்கிக்கலாம் விடு" என்றான்.
விளக்கை மட்டும் எரியவிட்டதற்கு
என்ன பில் போடுவதென்று தெரியாமல்
சின்னராஜ் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனான்.

அவன் லோடுக்குக் கிளம்பியபின், இரவு,
கதவைத் திறந்துவைத்துத் தரையில் உட்கார்ந்தேன்.
சமையலறையில் பாதி மஞ்சள்.
முன்னட்டை இல்லாததை எடுத்து
அந்தக் கேள்விக்குக் கீழே பென்சிலால்:

அக்கா, அரை டம்ளர் போதும்.
தண்ணி ஒண்ணேகால்.
மிஞ்சினா மூடி வைங்க, காலையில ஆகும்.