நாலாவது வரி

இரவு ஏழரை. கோண்டாவில் ஆலையில்
அரைவை நின்று ஒரு மணித்தியாலம்.
தூள் இன்னும் காற்றில் நிற்கிறது.
வாசலில் சில்வெஸ்டர் தும்முகிறார், ஐந்தாவது தடவை.
நான் கந்தோரில் இருந்து
செத்தல் மிளகாய்க்கு ஆள் தேடுகிறேன்.
மாதம் நாலு தொன், ஒரு வருட ஒப்பந்தம்.

முதலில் அளவுகோல்களை
ஒன்றோடு ஒன்று மோதவிட வேண்டும்.
விலையா ஈரப்பதனா, எது பெரிது, எத்தனை மடங்கு?
ஒன்று முதல் ஒன்பதுக்குள் ஓர் எண் சொல் என்கிறது முறை.
சொன்னேன்.
விலையிலும் ஈரப்பதன் பெரிது என்றேன்.
ஈரப்பதனிலும் சொன்ன நாளுக்கு வருவது பெரிது என்றேன்.
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து
சொன்ன நாளிலும் விலை பெரிது என்றேன்.
முரண் விகிதம்: பூச்சியம் தசம் ஒன்று ஒன்பது.
பத்தில் ஒன்றைத் தாண்டினால்
நீ உன்னோடேயே ஒத்துப்போகவில்லை என்று பொருள்.
இதைச் சொல்ல எனக்கு வீட்டில் ஆள் உண்டு,
எக்செலும் சொல்லும் என்று நினைக்கவில்லை.

திருத்தினேன். நிறைகள் இறங்கி இருந்தன.
மூன்று பேர்.
தம்புள்ளக் குலதுங்க, கிலோ ஆயிரத்து நூற்றி எண்பது,
இனிக்க இனிக்கக் கதைப்பார், லொறி மட்டும் ஒரு நாள் பிந்தும்.
கொழும்பு ஐந்தாம் குறுக்குத் தெரு இறக்குமதிக்காரர்,
எல்லாவற்றிலும் நடுவில்.
செட்டிகுளத்து வேதநாயகி, ஆயிரத்து இருநூற்றி அறுபது,
ஈரப்பதன் ஒன்பதைத் தாண்டினதில்லை,
போன் எடுத்தால் சண்டைக்கு நிற்பது போல ஒரு குரல்.

மலிவுக்கு ஒன்று, கூடின விலைக்குப் பூச்சியம்.
பெருக்கினேன், கூட்டினேன்.
குலதுங்க முதல். வேதநாயகி மயிரிழையில் இரண்டு.

அப்போதுதான் முதலாளியின் செய்தி:
"மச்சான்ர ஆளையும் போடு பிள்ளை,
எடுக்கிறம் எண்டில்லை, சும்மா ஒரு மரியாதைக்கு."
மச்சானின் ஆளுக்கு ஆலையும் இல்லை, களஞ்சியமும் இல்லை,
விலை மட்டும் இருந்தது: எண்ணூற்றி நாற்பது.
மாதிரிப் பையைப் பிழிந்தால் தண்ணீர் வரும்.
வெல்லவே முடியாத ஒருவரை
நாலாவது வரியில் எழுதினேன்.

வேதநாயகி முதல்.
குலதுங்க இரண்டு.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதேதான்.
ஒழுங்கைக்குள் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் எழும்பினால்
ஒரு மாடி வீடும் இரண்டு மாடி வீடும்
ஒரே உயரம். அவ்வளவுதான் கணக்கு.
எண்ணூற்றி நாற்பதின் பக்கத்தில்
எண்பது ரூபா வித்தியாசம் ஒன்றுமேயில்லை.
அவர்கள் இருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.
மூலையில் ஒருவர் வந்து இருந்தார்.

வரியை அழித்தேன், குலதுங்க மேலே.
திருப்பி எழுதினேன், வேதநாயகி மேலே.
இப்படி நாலைந்து தரம்.
ஒரு தரம் எழுதிவிட்டுக் கையை எடுத்தேன்.
அழிக்கவில்லை.
மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோசம்,
களவாக மாங்காய் தின்றவளின் சந்தோசம்.
யார் வேண்டும் என்று
இவ்வளவு நேரமும் என்னை யாரும் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஆனால் எங்கள் விதி: ஈரப்பதன் பதினொன்றைத் தாண்டினால்
அட்டவணைக்குள் இடமில்லை.
அந்த விதியை எழுதியது நான்.
திருப்பிவந்த ஒரு கொள்கலனுக்குப் பிறகு,
பூஞ்சணம் பிடித்த எண்ணூறு பெட்டியை எண்ணிய கையால்.

வரியை அழித்தேன்.

குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
முதல், குலதுங்க. இரண்டாவது, வேதநாயகி. இடைவெளி சொற்பம்.
எழுதியவரின் சாய்வு இரண்டாவதின் பக்கம்.

காலையில் முதலாளி கடைசி வரியை மட்டும் வாசித்தார்.
"சாய்வு எண்டால்? மேசையா ஆடுது?"
ஓம் என்றேன்.
காலுக்குக் கீழே மட்டை வைக்கச் சொல்லிவிட்டு
இரண்டரைத் தொன் அங்கே, ஒன்றரை இங்கே என்று
கையொப்பம் வைத்தார். ஏனென்று கேட்கவில்லை.

செட்டிகுளத்துக்கு எடுத்தேன்.
வணக்கம் சொல்லமுதல்
"விலை குறைக்கச் சொல்லி எடுக்கிறதெண்டால் வையுங்கோ"
என்றாள், வைத்துவிட்டாள்.
அடுத்த வருட அட்டவணையில் ஒரு புதிய நிரல் திறந்தேன்.
தலைப்பு இன்னும் வைக்கவில்லை.
அவளுக்கு ஒன்பது போட்டிருக்கிறேன்.