ஒரு பாட்டில் கொதித்த தண்ணீர்

மருந்துக் கடையில் கெஞ்சி வாங்கிய
இருமல் மருந்துக் காலிப் பாட்டில்கள் நாற்பது.
ஒவ்வொன்றின் அடியிலும் மடித்த காகிதத் துண்டு,
ஆய்வகத்தில் நான் நனைத்துக் காயவைத்தது.
குழாய்த் தண்ணீரைக் கழுத்துவரை பிடி,
மூடி வை, தொடாதே,
இரண்டு இரவு கழித்துப் பார்.
காகிதம் கறுத்திருந்தால்
தெருச் சாக்கடை உன் சொம்புக்குள் வந்திருக்கிறது.
இவ்வளவுதான் என்றேன்.
இவ்வளவு போதும் என்றும் நினைத்தேன்.

கன்னிகாபுரம், மூன்றாவது தெரு.
பின்னால் ரயில் போகும்போதெல்லாம்
ஜன்னல் விளிம்பில் பாட்டில்கள் பல்லைக் கடிக்கும்.
மூன்றாம் நாள் காலை
பதினாறு கறுப்பு.

ஒன்றை டிபன் பையில் வைத்துக்கொண்டு
கேரம் கிளப்புக்குப் போனேன்.
எங்கள் பேட்டையில் எதுவும்
அங்கே பேசி முடிந்தால்தான் நடந்ததாகக் கணக்கு.
பவுடர் தூவிய பலகைமேல் பாட்டிலை வைத்ததும்
ஸ்டிரைக்கரிலிருந்து விரலை எடுக்காமலே
அற்புதராஜ் கேட்டான்:
"கறுத்தது தண்ணியா, உன் பாட்டிலா?"

சிரித்தார்கள்.
நான் பேசினேன், பேசினேன்,
நுண்ணுயிர், கந்தகம், வயிற்றுப்போக்கு,
போன மாதம் பெரியாஸ்பத்திரியில் படுத்த ஏழு பிள்ளைகள்.
குரல் உயர உயர
என்னிடம் பதில் இல்லை என்பது
எனக்கே கேட்டது.

"கொதிக்க வெச்ச தண்ணிய ஊத்திப் பாரு.
அதுவும் கறுத்தா நீ பொய்.
கறுக்கலேன்னா நான் வாய மூடுறேன்."
எட்டாவதோடு நின்றவன்.
எனக்குக் கல்லூரியில் சொல்லித் தந்த முதல் பாடத்தை
சிவப்புக் காயைக் குழியில் தள்ளிக்கொண்டே சொன்னான்.

ஐந்து பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீர்.
இரண்டு கறுத்தன.

இரவு, யாரும் பார்க்கவில்லை.
கொட்டிக் கழுவியிருக்கலாம்.
குழாயடியில் நின்றேன்.
பாட்டில் கழுத்தில் பழைய மருந்தின் பிசுக்கு,
அதற்கு மேல் என் அவசரம்.
பதினாறு பதினாறு என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.
மனுவில் நூற்றிப் பத்துக் கையெழுத்து.
சிலர் கட்டைவிரலில் மை இன்னும் போகவில்லை.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்:
"என் கணக்கு தப்பு. மனுவ இன்னும் கொடுக்கல."
அந்தத் தெரு எவ்வளவு நீளம் என்று
அன்றுதான் தெரிந்தது.
பிலோமினா கேட்டாள்,
"அப்ப தண்ணி நல்லதா?"
"தெரியாது."
அவ்வளவு நேர்மையாக நான் எதையும் சொன்னதில்லை.
யாருக்கும் பிடிக்கவில்லை.

மறுபடி.
இந்த முறை இட்லிக் குண்டானில் பாட்டில்களை வேகவைத்தோம்.
"வீட்டுக்கு ரெண்டு! ஒண்ணு கொழாய், ஒண்ணு கொதிச்சது!"
முன்னால் கூவிக்கொண்டு போனவன் அற்புதராஜ்.
நம்பி அல்ல.
"இவ தப்ப நான்தான் புடிக்கணும்."
கேரம் புள்ளி எழுதும் சாக்பீஸால்
கறுத்த வீட்டு வாசலில் எல்லாம்
பெரிதாக ஒரு வட்டம் போட்டான்.

கொதித்ததில் ஒன்றும் கறுக்கவில்லை.
குழாயில் ஒன்பது.
பதினாறைவிடச் சின்ன எண்.
ஆனால் சாயங்காலம் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால்
வட்டங்கள் சிதறிக் கிடக்கவில்லை.
டிரான்ஸ்பார்மரில் தொடங்கி மாவு மில் வரை
ஒரே வரிசை,
மண்ணுக்கடியில் குழாய் படுத்திருக்கும் அதே கோடு.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு எல்லோரும் சேர்ந்து பேசினார்கள்.
மனுவில் பதினாறை அடித்து ஒன்பது என்று எழுதினேன்.
அடித்தது தெரியும்படியே விட்டேன்.
இருநூற்று நாற்பது கையெழுத்து,
கதவைச் சாத்திய வீடுகளும் சேர்த்து.

பத்தொன்பதாம் நாள் வந்து தோண்டினார்கள்.
துருப்பிடித்த ஓர் இணைப்பை மாற்றினார்கள்,
பள்ளத்தை மூடவில்லை.
இப்போது கறுப்பது இரண்டு.

அற்புதராஜ் வாயை மூடவில்லை.
"அந்த ரெண்டும் கொழாயாலதான்னு
உனக்கு எப்டித் தெரியும்?"

எப்படித் தெரியும்.
குண்டானை அடுப்பில் ஏற்றியிருக்கிறேன்.
பாட்டில்களை எடுத்து வா.