வவுச்சர் நாற்பத்தேழு

கார் லாரியில் வந்தது.
போர்வை போர்த்தி, கயிறு கட்டி,
கானாடுகாத்தான் விலக்கில் வழி கேட்டு.
ஒன்றேகால் கோடி என்றதும்
டீக்கடையில் ஒருவர் எழுந்து நின்றார்,
எதற்கு நின்றோம் என்று தெரியாமல்
மறுபடி உட்கார்ந்தார்.

நாற்பது நொடிப் படம். எட்டுப் பக்கக் கட்டளை.
ஆடு வேண்டாம். மின்கம்பி வேண்டாம். வியர்வை வேண்டாம்.
"வருங்காலம் வந்து நிற்கிற மாதிரி இருக்கணும், மேடம்"
என்றார் குர்கானிலிருந்து வந்த பிரதீக்,
கழுத்தைத் துடைத்தபடி.

வீட்டுக்குப் பதினோரு பங்காளிகள்.
பத்துப் பேர் வாட்ஸப்பில் கட்டைவிரல் காட்டினார்கள்.
ஈப்போவில் இருப்பவர் மட்டும்
மேற்குப் பத்தியில் கால் வைக்கக் கூடாதென்றார்.
வைக்கவில்லை.
தரை கீறாதிருக்க
விளக்குத் தாங்கிகளின் மூன்று கால்களுக்கும்
சாக்ஸ் மாட்டினோம்.

நான் ஆசைப்பட்டது ஒரே ஒரு ஷாட்.
பின்கட்டில் கேமரா.
ஏழு நிலைகள் ஒன்றுக்குள் ஒன்றாய்,
கடைசி நிலைக்கு அப்பால் தெரு,
பொட்டளவு வெளிச்சம்.
அதை அந்தக் கார் கடக்க வேண்டும்.
ஒன்றரை நொடி.

ஒன்றரை நாள் ஆயிற்று.

வருகிறேன் என்று சொல்ல அதற்கு வாயில்லை.
இன்பா கண் சிமிட்டாமல் கிடந்தான்,
சிமிட்டியபோது போய்விட்டது.
தெருநாய் ஒன்று டயருக்கு முன்னால் படுத்துக்கொண்டு
அப்படி ஒரு பொருள் இருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை.
வெள்ளாடு ஒன்று கதவில் தன்னைக் கண்டு
முட்டுவதற்குப் பின்வாங்கியபோது
பிரதீக் தன் ஊர்ச் சாமியை வாய்விட்டுக் கூப்பிட்டார்.
ஸ்டியரிங்கில் இருந்த வெள்ளைச்சாமி
காரைக்குடியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்,
படத்தில் அவர் கை மட்டும்தான்.
இறங்கி வந்து அவர்தான் கேட்டார்:
"சத்தமே இல்லியே,
உசுரு இருக்கா இல்லியான்னு எப்படிம்மா தெரியும்?"

மதியம் சார்ஜ் பதினோரு சதவீதம்.
வீட்டில் செருகினோம், ஃப்யூஸ் போயிற்று,
கூடவே பக்கத்து வீட்டு மிக்சியும் நின்றது.
பின்தெருவில் ஜெனரேட்டர் வேன்.
புகையில்லாத காருக்கு
அது கரும்புகை விட்டு நாலு மணிநேரம் ஊட்டியது.
அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதே என்று
எட்டுப் பக்கத்தில் எங்கும் இல்லை.
ஒன்பதாவதாக நானே எழுதிக்கொண்டேன்.

பதினெட்டாவது டேக்.
சாய்வெயில் ஏழு நிலைகளின் ஓரத்திலும்
நூல் பிடித்தாற்போல் நிற்க,
கருநீலமாய் ஏதோ கடந்தது.
ஓகே சொல்ல மறந்து நான் நின்றேன்.

யாகப்பன் ஹெட்போனைக் கழற்றினார்.
"மேடம், என் பக்கம் ஒண்ணுமே விழலை."
ஒரு சருகு நொறுங்கியது, அவ்வளவுதான்.
எனக்கு அது போதும்.
பிரதீக்குக்குப் போதாது:
வருங்காலத்துக்கு ஒரு ஒலி வேண்டும்,
கனமாக, ஆனால் மிருதுவாக.

இரவு, இட்லிக்கடையில்,
யாகப்பனின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.
உள்ளே பஞ்சவர்ணத்தின் கிரைண்டர்
நாளைக்கு ஆட்டிக்கொண்டிருந்தது.
மைக்கை நீட்டினோம். வேண்டாமென்று தலையசைத்தார்.
"இப்ப அரிசி. கரகரன்னுதான் இருக்கும்.
உளுந்து போடுறேன். அது உப்பி வரும்போது
சத்தம் தானா இறங்கும். அப்பப் புடிங்க."
மைக்கை அவரே ஒரு சாண் தள்ளி வைத்தார்.
சட்னி கேட்க வந்தவனை
ஒற்றை விரலால் வாசலிலேயே நிறுத்தினார்.
இரண்டு நாளாய் எனக்கு
ஒரு தடவையும் அப்படிக் கீழ்ப்படிந்ததில்லை அந்தத் தெரு.

சென்னையில் வேகத்தைப் பாதியாக்கி,
அடியில் கொஞ்சம் காற்றுச் சேர்த்து அனுப்பினோம்.
பிரதீக்கின் பதில்:
இதுதான். இதுதான். இதுதான்.

மார்ச் கடைசியில் கணக்குப் பிரிவிலிருந்து ஃபோன்.
லாரி வாடகை சரி. டீசல் சரி.
ஆட்டுக்காரருக்கு இருநூறு, அதுவும் போகட்டும்.
வவுச்சர் நாற்பத்தேழு,
ஐந்நூறு ரூபாய், பெற்றவர் பஞ்சவர்ணம்,
எதற்கு என்ற கட்டம் காலியாக இருக்கிறதே?

எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
எஞ்சின்.