கோப்பைக்கு வெளியே

செப்டம்பர் முதல் வாரம், நெப்ராஸ்கா.
சோளக்கொல்லைகள் விடிய விடிய மூச்சு விட்டதில்
ஊரே பிசுபிசுத்துக் கிடந்தது.
இந்தப் பாடத்துக்கு இதுதான் நாள்.
ஒரு ஜனவரியில் செய்து பார்த்து
காய்ந்த கண்ணாடியை
இருபத்தொரு பிள்ளைகளோடு சேர்ந்து
முறைத்துக்கொண்டிருந்தவள் நான்.

ஐஸ் போட்டேன். தண்ணீர் ஊற்றினேன்.
சிவப்புச் சாயம், ஆறு சொட்டு.
"பொறுங்கள்" என்பதைக்கூட
கையால்தான் சொன்னேன்.

பின்வரிசையில் மிஸ்டர் ஹாவ்லிச்செக்,
மாவட்ட அலுவலகம். மடியில் படிவம்.
இன்றைய கலைச்சொல்லை
எத்தனை பேர், எத்தனை தரம் சொன்னார்கள்
என்று எண்ண வந்திருக்கிறார்.
சொல்: கண்டென்சேஷன்.
காலையில் காபி இறங்கும்வரை
எனக்கே வாயில் நுழையாத சொல்.

போன வாரம் கேட்டேன்,
"மேட்டருக்கு எத்தனை ஸ்டேட்?"
ஏ டோ விரல் மடக்கினான்:
டெக்சஸ், அயோவா, நெப்ராஸ்கா.
மூன்று. எண்ணிக்கை சரி.
அவன் அப்பா மூன்றிலும் மாடு அறுத்தவர்.
பாதி மதிப்பெண் போட்டேன்,
எந்தப் பாதிக்கு என்று தெரியாமல்.

கோப்பை மங்கியது. பிறகு முத்து முத்தாய்.
உபாஹ் தன் மேலுதட்டைத் தொட்டாள்,
கோப்பையைத் தொட்டாள்,
இரண்டும் ஒன்றுதானே என்று புருவம் உயர்த்தினாள்.
மிகின் ஒப்பவில்லை.
சைக்கிள் ட்யூபில் பஞ்சர் தேடுகிறவன்,
கோப்பையின் அடியை விரலால் தடவினான்,
காது வைத்துக் கேட்டான்.
ஓட்டை. எங்கோ ஓட்டை.

சொல்லிவிடலாமென்று நாக்கு வரை வந்தது.
கடித்துக்கொண்டேன்.

எவூல்தான் எழுந்தாள்.
டிஷ்யூவில் ஒரு துண்டு கிழித்து
கோப்பையின் வயிற்றை ஒற்றி
ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள்.
நேரே நடந்துபோய்
மிகினின் மூக்குக்கு நேராய் நீட்டினாள்:
"நோ ரெட்."

சுவரில் என் அட்டை தொங்குகிறது,
மூன்று வண்ணத்தில் நானே எழுதியது:
நான் கூறுவது ______, ஏனெனில் ______.
அவள் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை.
ஓட்டை இருந்தால் சாயமும் வந்திருக்கும்,
சாயம் வரவில்லை,
ஆகவே இந்தத் தண்ணீர் உள்ளே இருந்ததே இல்லை:
இத்தனையும் அந்த இரண்டு சொல்லில்.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
அவர் பூஜ்யம் போட்டார்.
கெட்ட மனிதரில்லை. யாரும் பார்க்காதபோது
பக்கத்து மேசைக் கோப்பையைத்
தன் கைக்குட்டையால் ஒற்றிப் பார்த்தார்.

அப்போது ஏ டோ
இல்லாத கண்ணாடியை மூக்கிலிருந்து கழற்றி
இல்லாத சட்டையில் துடைத்துக்காட்டி
"டாடி. கோல்ட் ரூம். அவுட்" என்றான்.
இறைச்சி ஆலையின் குளிரறையிலிருந்து
வெளியே வரும் ஒரு மனிதர்,
ஒரு நிமிடம் எதுவும் தெரியாமல் நிற்கிறார்.
அதையே பலகையில் வரைந்தேன், வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு.
அதன் கீழேதான் எழுதினேன் அந்த நீளச் சொல்லை.
நான்காய் வெட்டிச் சொல்லிப் பார்த்தார்கள்.
மிகின் கடைசித் துண்டை மட்டும் மூன்று தரம்.

எவூல் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.
கோடிட்ட இடத்தில்
ஈர டிஷ்யூவை டேப் போட்டு ஒட்டியிருந்தாள்.

மறுநாள் காலை மணியடிக்குமுன்
என் மேசைமேல் நோட்டைத் திறந்து வைத்தாள்.
டிஷ்யூ சுருங்கி, மொரமொரவென்று.
ராத்திரியில் வந்து நான்தான் அழித்தேன் என்பதுபோல்
ஒரு பார்வை.
"மிஸ். வாட்டர். வேர்?"

பாடத்திட்டப்படி அது அடுத்த வியாழன்.
இன்று புதன்.
கழுவித் துடைக்காத கையை
பழைய கரும்பலகையில் பதித்து எடுத்தேன்.
அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதலில் போனது சுண்டுவிரல்.